கேட்ட சொல்லுக்கு மட்டும்

நீதிமன்றத்துக்கு வருகிற யாரும் பேனா கொண்டுவருவதில்லை. கையெழுத்துப் போடத்தான் வரச் சொல்லியிருப்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்கு முன்னால் நின்று, "சார், ஒரு பேனா இருக்குமா?" என்பார்கள். பத்தொன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். பொதுமக்களுக்கென்று இரண்டு பேனாக்களை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். அவற்றின் பின்முனையில் பல் பட்ட தடங்கள் இருக்கும். தன் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையைப் பார்த்தபடியே ஒருவர் கடித்திருப்பார். அதன் ஈரம் காய்வதற்குள் அடுத்தவர் அதையே எடுத்து வாயில் வைப்பார். மாலையில் ஜன்னலை மூடும்போது ஒரு காகிதத்தால் அந்த நூலைப் பிடித்து உள்ளே இழுப்பேன்.

விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன். என் அண்ணன் இறந்த வழக்கில் தண்டனை பெற்ற பெண் ஐந்து மாதமாகச் சிறையில் இருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். பக்கத்து வீட்டில் விட்டுப் போயிருக்கிறாள். அவள் வெளியே வருவதா, மீதி ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளேயே கிடப்பதா என்பது இன்று இந்த அறையில் நான் சொல்வதைப் பொறுத்தது என்றீர்கள். புரிகிறது. இடையிடையே நான் பேசாமல் இருப்பேன். பொய்யைத் தேடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலும் நான் அப்படித்தான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நான்காம் எண் ஜன்னல் என்னுடையது. வக்கீல் இல்லாமல் வருகிறவர்களின் கையில் இருக்கும் தாள்களில் உள்ள சொற்களுக்குப் பொருள் சொல்வதுதான் வேலை. குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் குற்றவாளி என்று பொருள் இல்லை; ஒரு புகார் அவர்மேல் இருக்கிறது, இன்னும் நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஜாமீன் என்பது விடுதலை இல்லை. கூப்பிட்ட நாளில் வந்து நிற்பேன் என்ற உறுதியின் பேரில் அதுவரை வெளியே விடுவது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். நாற்பது தடவையும் எதிரில் ஒரு வாய் திறந்தபடி இருக்கும். உள்ளே கறை படிந்த பற்கள், மேல் உதட்டில் வியர்வை. கேட்டு முடித்ததும், "அப்போ நான் தப்பிச்சிட்டேனா சார்?" என்பார்கள்.

ஒருமுறை ஒரு கொத்தனார் வந்தார். திருட்டு வழக்கில் விடுதலையாகியிருந்தார். தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று இருந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாவிட்டால், அந்தச் சந்தேகம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகப் போகும் என்று விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னும் என்மேல சந்தேகமா? அந்தப் பலனை அவங்களே வச்சிக்கட்டும் சார், எனக்கு வேணாம்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியில் அவருடைய எச்சில் இரண்டு புள்ளியாகத் தெறித்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை உண்டு. 'இங்கே சொற்களுக்கு விளக்கம் மட்டும் தரப்படும். ஆலோசனை தரப்படாது.' பத்தொன்பது வருடத்தில் நான் அதை மீறியதில்லை. எந்தச் சொல்லைக் கேட்டார்களோ அந்தச் சொல்லுக்கு மட்டும் பொருள். அடுத்த வரியில் அவர்கள் தலையே போகிற விஷயம் இருந்தாலும், அதை அவர்கள் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வேன். தவறாக ஒரு சொல்லுக்கும் நான் பொருள் சொன்னதில்லை. இதை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.

அண்ணன் லாரி ஓட்டியவர். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். பெரிய குரல், பெரிய கை. சாப்பிட்ட கையோடு என் தலையைத் தடவுவார். நான் போய்த் தலையைக் கழுவிக்கொண்டு வருவேன். "இவனுக்குப் பொண்ணு குடுத்தா, அவளை மூணு நாள் சோப்புத் தண்ணியில ஊறவச்சிட்டுத்தான்டா வீட்டுக்குள்ள விடுவான்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் மனைவி இறந்து, அவருக்கும் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, அவரைக் கொண்டுவந்து என் வீட்டு முன்னறையில் படுக்கவைத்தார்கள். வேறு யாரும் இல்லை. இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தவுடன் ஒரு வாடை முகத்தில் ஒட்டும். மூத்திரமும் மருந்தும், அழுகின பழம் மாதிரி ஒன்றும் சேர்ந்த வாடை. சட்டையைத் துவைத்தாலும் போகாது. ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது என் சட்டைக் கையிலிருந்து அது வரும். வரிசையில் நிற்கிறவர்களிடமிருந்து வருகிறதென்று முதலில் நினைத்திருந்தேன். அவருக்கு விழுங்குவது சரியாக வராது. வெறும் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு தூளைக் கலந்து தண்ணீரைக் கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுக்க வேண்டும். அது கரண்டியிலிருந்து சளி மாதிரி தொங்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை எப்போதும் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். கால்மாட்டில் ஒரு கைப்பிடி. சுழற்றினால் ஏறும், இறங்கும். கரண்டி அவர் பல்லில் இடிக்கிற சத்தம் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். நான் தட்டை அப்படியே மூடிவைத்துவிடுவேன்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. வாய் ஓயாது. அண்ணன் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். பாதி நாக்கில் குழறிக்கொண்டே, "ரேடியோ, நியூஸ் போடு" என்பார்.

"தலைப்புச் செய்திங்க ஐயா. மூணாவது மாடி அம்மா இன்னைக்கும் புருஷன்கிட்ட பேசல. லிப்ட் இன்னைக்கும் ஓடல. உங்க தம்பி இன்னைக்கும் சிரிக்கல."

"கடைசிச் செய்தி பழசு. மாத்து."

இருவரும் சிரிப்பார்கள். அவருக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். மறுபக்கத்திலிருந்து எச்சில் வழிந்து காதுக்குப் போகும். அவள் தன் கையாலேயே, வெறும் கையாலேயே, அதைத் துடைத்துவிட்டு அதே கையால் தன் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. அப்படி ஒரு கையை எப்படி உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்கிறாள் என்று யோசித்திருக்கிறேன்.

அன்று புதன்கிழமை. எங்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை. வெளியே போனால் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். நான் எழுதவில்லை. பஸ் பிடித்தால் வீட்டுக்குப் பத்து நிமிடம். படியேறியபோது ஒன்றே கால். அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், இந்த நேரத்துல?"

"தூள் வாங்கிட்டு வாம்மா. நான் கொஞ்ச நேரம் ஐயா பக்கத்துல இருக்கேன்."

"புது டின் பிரிக்காம இருக்கே சார்?"

"இன்னொண்ணு இருக்கட்டும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். ஒன்று நாற்பது பஸ்ஸில் நான் திரும்பினேன். இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். இரண்டு பத்துக்கு ஃபோன் வந்தது. நடுவில் உள்ள நேரத்தைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் போக மாட்டேன்.

அண்ணன் மூச்சுத் திணறி இறந்திருந்தார். நுரையீரலில் தண்ணீர். கட்டில் தட்டையாக இருந்தது. பக்கத்து முக்காலியில், அவருடைய இடது கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு டம்ளர். அது அவள் தண்ணீர் குடிக்கிற டம்ளர். ஏஜென்சி அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்த விதிமுறைத் தாளில் மூன்று வரிகள்: தட்டையாகப் படுக்கவைக்கக் கூடாது, வெறும் தண்ணீர் கைக்கெட்டும்படி வைக்கக் கூடாது, தனியாக விட்டுப் போகக் கூடாது. போலீஸ்காரர் அவளிடம் ஒன்றுதான் கேட்டார்: "நீ எங்கே போயிருந்தே?" கடைக்கு என்றாள். எழுதிக்கொண்டார். யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை.

அடக்கமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மூக்கைத் துடைத்த துணியைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"சார், நான் தலைமாட்டை ஏத்தி வச்சிட்டுத்தான் போனேன்னு நெனக்கிறேன். நீங்க பாத்தீங்களா?"

"நீ போன உடனே, நேரமாயிடுச்சுன்னு நானும் கிளம்பிட்டேன்மா. கவனிக்கல. ஏத்தினது ஞாபகம் இருக்கா?"

அவள் கையிலிருந்த துணியைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள். தினமும் செய்கிற ஒன்றை ஒரு குறிப்பிட்ட நாளில் செய்தோமா என்று யாராலும் நினைவுகூர முடியாது. ஜன்னலில் உட்கார்ந்து சாட்சிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இது தெரியும்.

"தினமும் ஏத்துவேன் சார். அன்னைக்கு ஏத்தினேனான்னு... அந்த டம்ளரையும் பாவி நான்தான் அங்க வச்சிருக்கேன். தாகத்துல அவரே எட்டி எடுத்திருக்காரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வந்துட்டுப் போனதைச் சொல்லணுமா சார்?"

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"பதிவேட்டுல எழுதாம வந்தேன். தெரிஞ்சா என் வேலை போயிடும். மத்தபடி உன் இஷ்டம்மா."

"ஐயோ, உங்களை ஏன் சார் நான் இழுக்கப்போறேன்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, கையில் ஒரு தாளோடு என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். நான் அவளை வரச் சொல்லவில்லை. சொற்களுக்குப் பொருள் தெரியாத எல்லோரும் அங்கேதான் வருவார்கள். இறந்தவரின் தம்பி நான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நான்காம் ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அன்று முதல் அவள் என்னை சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

"அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு வரியில் விரலை வைத்தாள்.

'கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்.' கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல், செய்ய வேண்டியதைச் செய்யாததால் ஓர் உயிர் போவது. இது கொலை இல்லை என்று சொன்னேன். அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த வரியில் தண்டனை. சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'அல்லது' என்றால் நீதிபதி எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். "அப்போ அபராதத்தோடயும் விடலாமா?" என்றாள். விடலாம் என்றேன். அது உண்மை.

அடுத்த முறை 'இலவச சட்ட உதவி' என்ற வரியோடு வந்தாள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே ஒரு வக்கீலைத் தரும் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர், "வக்கீல் வந்தா வாய்தா வாய்தான்னு வருஷத்தை ஓட்டிடுவாங்கம்மா" என்றார். வாய்தா என்றால் என்ன என்று அவள் என்னைக் கேட்டாள். வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைப்பது என்றேன். எத்தனை தடவை தள்ளலாம் என்றாள். வரம்பு இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் வேலை போகும். வழக்கு இருக்கும்வரை ஏஜென்சி அவளை எங்கும் அனுப்பாது. மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கடைசியாக 'குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல்'. விசாரணை இல்லாமல், சாட்சிகள் இல்லாமல், அன்றே தீர்ப்பு என்றேன். ஒப்புக்கொண்ட பிறகு, நடந்தது என்ன என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்பது அதன் இன்னொரு பாதி. அதை அவள் கேட்கவில்லை. தனக்காகத் தானே ஒரு சாட்சியைக் கூப்பிட முடியும், அன்று வீட்டுக்கு வந்தவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கச் சொல்ல முடியும் என்பதையும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பலகைக்கு நான் அவ்வளவு மரியாதை வைத்திருந்தேன்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் கேட்காமலே நான் சொன்னேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்; நீங்களாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. மௌனம் காக்கும் உரிமை. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, சொன்னது எல்லாம் நமக்கே எதிராகத் திரும்பலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ரேடியோ என்று பெயர் வாங்கியவள் அன்றிலிருந்து நீதிமன்றத்தில் வாயே திறக்கவில்லை. போகும்போது ஜன்னல் ஓட்டைக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி எனக்கு யாருண்ணே" என்றாள். ஈரமான கை. ஜன்னலைப் பத்து நிமிடம் மூடிவிட்டுக் கை கழுவப் போனேன்.

தீர்ப்பு நாளன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி காதில் சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டே குற்றச்சாட்டைப் படிக்கவைத்தார். பிறகு அந்த விரலைப் பார்த்தார்.

"படிச்சது எல்லாம் புரிஞ்சுதாம்மா? யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லைங்க. ஒருத்தர் எல்லாத்தையும் விளக்கிச் சொல்லியிருக்காங்க."

நீதிபதிக்குத் திருப்தி. ஒப்புக்கொள்கிறாயா என்றார். ஒப்புக்கிறேன் என்றாள். படுத்திருக்கும் நோயாளிகளைக் கவனிப்பாரற்று விடும் போக்கு பெருகிவருகிறது என்று கொஞ்சம் பேசினார். இரண்டு வருடக் கடுங்காவல் என்றார். அவளுக்கு அபராதம் என்ற சொல் காதில் விழவில்லை. அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். போலீஸ்காரப் பெண் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போது என் பெஞ்சைக் கடந்தாள்.

"அண்ணே, கடுங்காவல்னா என்ன?"

"உள்ள வேலை செய்யணும்மா" என்றேன். கேட்ட சொல்லுக்குப் பொருள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் சிறைக்குப் போன உங்கள் சட்ட உதவி மையத்து வக்கீல், சட்டம் எதுவும் பேசாமல், "அன்னைக்குக் காலையில கண் முழிச்சதிலிருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா" என்றிருக்கிறார். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினாளாம். மூன்றாவது மாடி அம்மா, உலர்த்திய துணி, வாசலில் நின்ற நான், பிரிக்காத டின். அவளுக்கு அது எல்லாமே ஒரே மாதிரியான செய்தி. உங்கள் வக்கீல் டின் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தியிருக்கிறார்.

இப்போது அந்த நேரம்.

அவள் தலைமாட்டை ஏற்றித்தான் வைத்திருந்தாள். நான் கைப்பிடியைச் சுழற்றி இறக்கினேன். பதினோரு சுற்று. தூங்கவைக்கிறேன் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். "என்னடா தம்பி, வேலைக்குப் போகலையா?" என்றார். குழறினாலும் எனக்குப் புரியும். முக்காலியில் அவளுடைய டம்ளரில் தண்ணீர் இருந்தது. பார்த்துவிட்டு, "பச்சத்தண்ணி ஒரு வாய் குடுடா" என்றார். இரண்டு வருடமாகத் தினமும் கேட்டது. இதை நான் நினைத்துப் பார்த்தபோதெல்லாம், தாகத்தில் கேட்டவருக்குக் கொடுத்தேன் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பாதிவரை அது சரி.

முதல் வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக. பிறகு இருமல் வந்தது. இரண்டாவது ஊற்றியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையில் இன்னும் லாரி ஓட்டின பலம் இருந்தது. மூன்றாவதற்கு வாயை மூடிக்கொண்டார். நான் திறந்தேன். விரலை உள்ளே விட வேண்டியிருந்தது. அந்த ஈறுகளின் வழுவழுப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர் பார்த்த பார்வையை அல்ல. மீண்டும் குழாயில் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தேன். முடிந்த பிறகு அவள் வைத்திருந்த இடத்திலேயே வைத்தேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஏன் என்கிறீர்கள். சற்று முன்பும் கேட்டீர்கள். பகை இல்லை. சொத்து இல்லை. அவரை எனக்குப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லலாம். அவருடைய உடம்பைத்தான் தாங்க முடியவில்லை. என் வீட்டில் ஓர் இடம் அசுத்தமாக இருந்தது. அதைச் சுத்தம் செய்தேன். அவள் வழக்கில் மாட்டியது என் ஏற்பாடு அல்ல, டம்ளரை அங்கே வைத்தது அவள்தான், ஒப்புக்கொண்டதும் அவள்தான்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எண்ணத்தோடு செய்தால் கொலை. அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். எழுதுங்கள். மறுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டதும் இந்தத் தாளை வைத்து அவளை விடுவித்துவிடுவார்கள் என்கிறீர்கள். நல்லது. குழந்தை பாவம், பக்கத்து வீட்டில் எத்தனை நாள் இருக்கும்.

ஒன்றே ஒன்று. வாசலில் அவளை அழைத்துப்போக யார் வந்தாலும் அவளிடம் சொல்லச் சொல்லுங்கள்: கடைசியில் அவளை வெளியே கொண்டுவந்தது நான்தான்.